செருமல்

12.11.91 செவ்வாய்

விடாத மழை. வெளுத்த பேண்டேஜ் துணி எதுவும் காயவில்லை. ஷெட்டுக்குள் கொடி கட்டியும் ஈரம் அப்படியே. முதலாளிக்கு என் மேல் எரிச்சல், மழையை நான்தான் கூப்பிட்டு வந்த மாதிரி.

மத்தியானம் சாப்பிட்டதும் மறுபடி நெஞ்செரிச்சல். பக்கத்தில் இருந்த கணேசன்: "பஸ்ஸு போயிரும்ங்கிற மாதிரில்ல திங்கிய அண்ணாச்சி." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வாங்க: டார்ச் பேட்டரி, மகள் நூருவுக்குக் குடை.

தூக்கத்திலும் செருமுகிறேனாம். ஜமீலா சொன்னாள். பக்கத்தில் படுப்பவள், தெரியாதா.

13.11 புதன்

லீவு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டவுன் பஸ் முழுக்க ஈரக் குடை. டாக்டர் வயசில் சின்னவர். வயிற்றுப் புண்ணாம். ஆசிட் மேலே ஏறித் தொண்டையை அரிக்குதாம், செருமல் அதனால்தானாம்.

"ஏன் இவ்வளவு அவசரமா சாப்பிடுறீங்க?"

"சின்ன வயசுலருந்தே அப்படித்தான் சார்."

"வீட்ல நிறையப் பிள்ளைங்களோ?"

"நானும் அக்காவும்தான்."

என் அத்தா குடித்துவிட்டு வந்தால் முதல் உதை சோற்றுத் தட்டுக்கு. அடுத்தது எங்களுக்கு. தெருமுனையில் அவர் செருமல் கேட்டால், வாசலுக்கு வருவதற்குள் தின்று முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருக்க வேண்டும். இதை எப்படி அந்தப் பையனிடம் சொல்ல. மாத்திரை. மென்று, மெதுவாகத் தின்ன வேண்டும்.

அப்படியே அக்கா வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது செருமினேன், அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா தட்டோடு எழுந்து அடுப்படிக்குள் ஓடிவிட்டது. தலையெல்லாம் நரைத்துவிட்ட அக்கா. போய்ப் பார்த்தால், சுவரில் சாய்ந்து நிற்கிறது.

"நீயாலே. அவியன்னு நெனச்சுட்டேன்."

"அத்தா மௌத்தாகி எம்புட்டு வருசமாச்சுக்கா."

"எனக்குத் தெரியுது. இந்தக் காலுக்குத் தெரியலயே."

அக்காவுக்குப் பிரஷர், படபடப்பு. இரண்டு பேரும் மாத்திரைகளை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டினோம், சீர் சாமான் காட்டுகிற மாதிரி. சிரிப்பு வந்தது. பொறவு அக்கா அழுதது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அடக்கம் பண்ணிய மனுஷனுடைய செருமல் என் தொண்டையில்.

குடை வாங்க மறந்துவிட்டேன்.

17.11 ஞாயிறு

வெயில். கறி எடுத்தோம்.

நூருவை நான் ஒரு நாளும் அடித்ததில்லை. அவள் தட்டைத் தொட்டதுகூட இல்லை. ஏனோ இதை எழுதி வைக்கத் தோன்றுகிறது.

வீட்டுக்குள் நுழையும்போது செருமல் வந்தது. விழுங்கிக்கொண்டேன். மூவரும் உட்கார்ந்தோம். டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு கவளமும் மென்று மென்று. அதற்கே வியர்த்துவிட்டது. பாதியில் நிமிர்ந்தால் நூருவின் தட்டு காலி. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர்.

"ஏட்டி, மெள்ளத் தின்னு. யாரு தொரத்துதா?" ஜமீலா.

நூரு கஷ்டப்பட்டு விழுங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பவும் அத்தாதான் முந்துவாக. இன்னைக்கு நான்தான் முந்தி."

சொல்லிவிட்டு, பெரிய மனுஷி கணக்காக ஒரு செருமல்.