துரை வீட்டு நாய்களும் என் இடுப்புக் கருவாடும்

செமிலிங்
17-8-1952

அன்பு மகள் பிரேமாவதிக்கு உன் சித்தப்பா பிச்சை எழுதிக்கொண்டது. நானும் உன் சித்தி மருதம்மாளும் கம்பிவேலிக்குள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க முனியாண்டி சாமி காவல். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒரு வாரம் நிறுத்து. என் நாய்த் தொழில் எப்படி என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

கங்காணி அழகேசனோடு சண்டை போட்டு ரப்பர்ப் பால்வெட்டை உதறியவன் நான், இனி எவன் பெரட்டிலும் விடிகாலை வரிசையில் பேர் கொடுக்க நிற்பதில்லை என்று சயாம் ரயில் வேலையில் மாண்ட உன் அப்பா பேரில் சத்தியம் செய்தவன். கம்யூனிஸ்டுகளின் காட்டுச் சண்டை தொடங்கியதிலிருந்து துரைமார் கால்நடையாய் எங்கும் போவதில்லை, சுட்டுவிடுவார்கள் என்ற பயம், நாய்களெல்லாம் கட்டின இடத்தில் கிடந்து ஊளையிட்டன. அவற்றை நடத்திக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டுமே என்று கெடா மாநிலத்திலேயே முதலில் எனக்குத்தான் மூளை ஓடியது. ஆனால் வாடிக்கை பிடிப்பது லேசில்லை மகளே. ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியிடம் இங்கிலீசில் எழுதி வாங்கிய காகிதத்தைப் பங்களா பங்களாவாகக் கொடுத்தேன், சமையல்காரர்கள் அதை வைத்து அடுப்பு மூட்டினார்கள். அப்புறம்தான் வேறு வழி எடுத்தேன். நாகூர் மீரான் கடையில் கடலோரத்துக் கோத்தா கோலா மூடாக் கருவாடு வாங்கி வைத்து, தினம் கொஞ்சம் இடுப்பில் முடிந்துபோய், பங்களா வேலிக்குள் ஒரு துண்டு வீசிவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவேன். நாலாம் நாள் என்னைக் கண்டாலே நாய் வேலியைப் பிராண்டும், தொரசானி இறங்கி வந்து என்னவென்று கேட்பாள், எனக்கு நாய் பாஷை தெரியும், எங்கள் வம்சத்துக் கைராசி என்பேன். ஒரே மாதத்தில் இங்கிருந்து குருண் வரைக்கும் நாற்பது நாய் என் கைக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் சித்தி நாலு என்று எழுதச் சொல்கிறாள், சரி, நாலு. ஆனால் அதில் எங்கள் பெரிய துரையின் அல்சேஷன் ஒன்றே பத்து நாய்க்குச் சமம், கன்றுக்குட்டி உயரம், அது கோழிக்குஞ்சு மாதிரி என் பின்னால் வந்தது. அதற்கு டின் இறைச்சியும் பாலும், நமக்கு அரிசி அளந்து கொடுக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்துக் கேட்டில் போலீசுக்குப் புதிதாய் வந்த மாத்தா ஒருவன் நின்றான். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனாலும் காட்டில் இருக்கிறவர்களுக்கு என்று பிடிக்கிற காலம், ஆனாலும் நாய்க்காரர் என்ற மரியாதையில் அதுவரை யாரும் என்னைத் தடவிப் பார்த்ததில்லை. இவன் தடவினான், கருவாட்டை எடுத்து மேசையில் போட்டு யாருக்கு என்றான். நாய்க்கு என்றேன். அழகேசன் அங்கேதான் நின்றான். மனுசனுக்கே கிடைக்காத கருவாடு நாய்க்கா, காட்டு மாப்பிள்ளைகளுக்கு விருந்துன்னு நேராச் சொல்லுங்க மச்சான் என்று அவன் எடுத்துக்கொடுக்க, விலங்கு வந்துவிட்டது. பதினெட்டு வருடம் இந்தத் தோட்டத்தில் வெட்டினவன் நான், என் பேச்சை ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் பெரிய துரை வந்து அல்சேஷனைக் கொண்டுவரச் சொன்னார். மாத்தா கருவாட்டைக் கையில் தூக்கிப் பிடித்தான். ஆளைக் கண்டால் குதறுகிற அந்த நாய் முன்பின் தெரியாதவன் முன்னால் உட்கார்ந்து, காலைத் தூக்கிக் கொடுத்து, வாலை ஆட்டியது. என் விலங்கு கழன்றது, துரை முகம் கறுத்தது. கருவாடு காட்டுகிறவன் பின்னால் போகிற நாய், துப்பாக்கியோடு வருகிறவனைப் பார்த்துக் குரைக்குமா, என் காவலையே கெடுத்துவிட்டான் என்று அவர் சொன்னதைக் கிராணி எனக்குத் தமிழில் சொன்னார். மத்தியானத்துக்குள் மற்ற மூன்று பங்களாவுக்கும் டெலிபோன் போய்விட்டது, வெளியே போகும் பாஸ் சீட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

உன் சித்தி ஒருத்தி வெட்டுக்கு லயத்து வீடு நிற்காது, ஆம்பளையும் பேர் கொடுக்கவேண்டும் என்று கிராணி சொல்லிவிட்டார். நேற்று விடிகாலை பெரட்டில் போய் நின்றேன். அழகேசன் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான், என்னிடம் வந்தபோது மட்டும் நாய்க்காரர் வந்தாச்சா என்றான். உன் சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். வந்தாச்சு என்றேன்.

மாப்பிள்ளை கேட்டால், பெரிய துரையே ஆள் அனுப்பிக் கூப்பிட்டதால் சித்தப்பா பழைய வேலைக்குத் திரும்பினார் என்று சொல், நான் இங்கே அப்படித்தான் சொல்லிவருகிறேன். நீயும் உன் வீடும் நிறைந்து வாழவேண்டும். குழந்தையின் போட்டோ அனுப்ப மறக்காதே, சித்தி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் சித்தப்பா
மு. பிச்சை, பால்வெட்டு