நன்னாரி ஊறிய ஓடு

ஹேர்னிங், டென்மார்க்
12.02.2023

என் எமிலியானுசுக்கு,

தியாகு எழுதுகிறேன். சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கடிதத்தோடு வருகிற மூன்று புகையிலைத் தகரப்பேணியும் உன்னைச் சுகப்படுத்தும். என் மருமகள் நிலாந்தினி நயினாதீவுக் கோயிலுக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறீர்களே என்று பகிடி பண்ணுகிறாள். உன்னோடு தொலைபேசியில் கதைப்பதென்றால் இந்தத் தெரு முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் என்று அவளுக்கு எங்கே தெரியும்?

இந்த முறை ஒரு மணித்தியாலம் கடையில் நின்று தெரிந்தெடுத்தேன். கடைக்காரி வயதானவள், நல்ல கெட்டிக்காரி. ஆளுக்கு எந்தப் புகையிலை பிடிக்கும் என்று நேரே கேட்கமாட்டாள். தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி, பழத்தைக் கனிய வைத்துச் சாப்பிடுகிறவரா, செங்காயாகவே கடிக்கிறவரா என்று ஏதேதோ கேட்டுவிட்டுத்தான் பேணியில் கை வைப்பாள். என் சிநேகிதன் மூன்று கரண்டி போடுவான் என்றேன். வனிலா ஏற்றிய கறுப்பு இலையை எடுத்துத் தந்தாள். இரண்டாவது செரிப்பழ வாசம். மூன்றாவது றம்மில் ஊறியது, இனிப்புக் குறைவு, உனக்குப் பிடிக்குமோ தெரியாது, ஒரு மாறுதலுக்கு வைத்தேன். மூன்றையும் சுங்கான் குழாயில் பத்திப் பார்த்து வழமைபோல விபரமாக எழுது. உன் கடிதத்தை வைத்துத்தான் நான் அடுத்த பேணி எடுப்பது.

வழமையான நிபந்தனையும் உண்டு. இதில் ஒரு சிட்டிகைகூட என் தமையன் வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது.

அம்மாவின் திதி வருகிறது, அதனால் இன்னும் கசப்பாக இருக்கிறது. பத்தொன்பது வருடம். தாய்க்குக் கொள்ளி வைப்பது கடைசி மகன்தான் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு விடிய ஐந்து மணிக்கு உன் கடைக்குத்தானே தொலைபேசி எடுத்தேன், பின்னேரத்துக்குள் வந்துவிடுவேன், அதுவரை தமையனைப் பொறுக்கச் சொல் என்று. நீ போய்ச் சொல்லியும் அந்த மனுசன் பொறுக்கவில்லை. மத்தியானமே தானே கொள்ளியை வைத்தார். நான் வந்து கண்டது சாம்பலை. அன்று என் பக்கத்தில் நின்றவன் நீ ஒருவன்தான், அதை நான் மறக்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தியாகலிங்கம்


கரம்பொன்
30.03.2023

அன்பான தியாகு,

பேணி மூன்றும் பத்திரமாக வந்தன. நிலாந்தினி நல்ல பிள்ளை, பத்து நிமிடம் இருந்து கதைத்துவிட்டுப் போனாள்.

விபரம் எழுதுகிறேன். வனிலா சரிவராது. புகை இழுத்தது போலில்லை, பாயாசம் குடித்தது போல இருக்கிறது. செரிப்பழம் முதல் பாதி அருமை. பிறகு நாக்கு எரிகிறது, வாசமும் எங்கோ போய்விடுகிறது. றம்தான் ஆள். அதிலும் நாலு பங்குக்கு ஒரு பங்கு எங்கள் ஊர்ப் புகையிலையை நொறுக்கிச் சேர்த்துப் பார்த்ததில், அந்தக் காரமும் இந்த வாசமும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போகிறது. இனி அனுப்புவதானால் அந்த வழியில் பார்.

இன்னொன்று. இங்கத்தைய வெயிலுக்குப் பேணி திறந்து பத்து நாளில் இலை சருகாகிவிடும். உடைந்த பானை ஓட்டில் ஒரு சின்னத் துண்டை நன்னாரி வேர் அவித்த தண்ணீரில் ஒரு பகல் ஊறப்போட்டு, துடைத்துப் பேணிக்குள் வைத்தால் இலையின் பதம் கெடாது. நீயும் செய்து பார்.

கிணற்றுத் தண்ணீர் இந்த வருடம் பங்குனியிலேயே உவர்த்துவிட்டது, பவுசர் வண்டி வந்தால்தான் குடிதண்ணீர். கனடாவில் மகள் தர்சனாவுக்கு மூன்றாவதும் பெடியன். எல்லாரும் எழுதுகிறீர்கள், அனுப்புகிறீர்கள், ஒருவரும் வருகிறீர்கள் இல்லை. ஒருமுறை வாவன். உன் அண்ணருக்கும் எழுபத்தாறு ஆகிவிட்டது.

அன்புடன்
எமிலியானுஸ்


ஹேர்னிங்
20.05.2023

எமிலியானுஸ்,

உன் கடிதத்தைக் கடைக்காரிக்கு டேனிஷில் சொல்லிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, "இந்த ஆள் தேநீருக்குச் சீனி போடுகிறவர் இல்லை" என்றாள். நான் சிரித்தேன். உன் கோப்பையின் அடியில் கரையாத சீனியை விரலால் வழித்துச் சாப்பிடுகிறவன் நீ என்று அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எட்டு வருடக் கடிதம். முதல் வருடம் தேன் வாசத்தைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அடுத்த வருடமே தேன் திகட்டுகிறது. அதன்பிறகு ஒரு இனிப்பும் உனக்குப் பிடிக்கவில்லை. நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஏனென்று யோசிக்காமல்.

அந்த ஓட்டுத் துண்டைப் பற்றியும் கேட்க வேண்டும். அது எங்களைப் பெற்ற ஐயா மலாயாவிலிருந்து வந்தபிறகு செய்த வேலை. அலுமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார். என்னைத் தொட விடமாட்டார். உனக்கு யார் சொன்னது? சும்மா கேட்கிறேன்.

தியாகு


கரம்பொன்
02.07.2023

அன்பான தியாகு,

உன் கடைக்காரி புகையிலை விற்கிறாளா, சாத்திரம் சொல்கிறாளா? எனக்கு இரத்தத்தில் சீனி என்று டாக்குத்தர் சொல்லி எத்தனையோ வருடம். வாய் தன்பாட்டில் மாறிவிட்டது. ஓட்டுத்துண்டு விசயம் நீதான் எப்போதோ சொல்லியிருப்பாய். சின்ன வயதில் உன் ஐயாவின் சுங்கானைக் களவெடுத்துப் பனங்கூடலுக்குள் ஒளித்திருந்து பத்தினோமே, அப்போதாக இருக்கும்.

இந்த வருடம் இனி அனுப்ப வேண்டாம். இருப்பதே காணும்.

அன்புடன்
எமிலியானுஸ்


ஹேர்னிங்
01.08.2023

எமிலியானுஸ்,

நான் சொல்லியிருக்க ஏலாது. ஐயா அந்த ஓட்டை எதில் ஊறப்போட்டார் என்று எனக்கே தெரியாது. வெட்டிவேர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உன் கடிதம் கண்டபிறகு இங்கே தமிழ்க் கடையில் நன்னாரி வாங்கி அவித்து, ஓடொன்றை ஊற வைத்துப் பேணியைத் திறந்தேன். ஐயாவின் அலுமாரியைத் திறந்தால் வருகிற அதே வாசம். அந்த வீட்டில் ஐயாவுக்கு வேர் அவித்துக் கொடுத்த கை ஒன்றே ஒன்றுதான். அது என் கையில்லை, உன் கையுமில்லை. தேநீரைச் சீனியில்லாமல் குடித்துவிட்டுப் பனங்கட்டியைத் தனியாகக் கடிக்கிற ஆளும் அந்த வீட்டில் ஒருவர்தான்.

என் புகையிலையைப் பத்துவது யார்? கதை வேண்டாம், பெயரை மட்டும் எழுது.

தியாகலிங்கம்


கரம்பொன்
25.08.2023

தியாகு,

உன் அண்ணர்தான்.

2016 இல் எனக்குத் தொண்டையில் கட்டியென்று யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்தார்கள். அன்றோடு சுங்கானை விட்டேன். உனக்கு எழுத மனம் வரவில்லை, எழுதினால் பேணியும் நிற்கும், கடிதமும் நிற்கும் என்று பயம். வந்த பேணியை உன் ஐயாத்துரை அண்ணரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி, "தியாகு அனுப்பினதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். நெடுநேரம் திறக்காமல் வைத்திருந்தார். பிறகு, "அவனுக்குச் சொல்லிப்போடாதை, தெரிஞ்சா அனுப்பமாட்டான்" என்றார். அன்றிலிருந்து நீ வாசித்ததெல்லாம் அவர் கதிரையிலிருந்து சொல்ல நான் எழுதியது. ஒரு பேணிக்கு மூன்று நாள் யோசிப்பார். இந்தச் சொல் வேண்டாம், அவன் மனம் நோகும், வேறு சொல் போடு என்பார்.

பெயரை மட்டும் எழுதச் சொன்னாய். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இனிமேல் எழுத எனக்குத் துணிவு வராது.

அம்மா செத்த அன்று நீ தொலைபேசியில் சொன்னதை நான் போய்ச் சொல்லவில்லை.

தர்சனாவைப் பெண் பார்க்க மண்டைதீவிலிருந்து அன்று வருவதாக இருந்தது. அவளுக்கு முதலே இரண்டு இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். விடியவே போனால், செத்த வீட்டில் மிதித்துவிட்டு வந்தவன் என்று அவர்கள் சகுனம் பார்ப்பார்கள் எனப் பயந்தேன். ஒன்பது மணிக்கு வந்து பத்துக்குப் போய்விடுவார்கள், பிறகு சைக்கிளில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர்கள் வந்ததே பதினொன்றுக்கு. செத்த வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று அவர்கள் முன்னால் எழும்ப எனக்கு மனம் துணியவில்லை. இருந்து சாப்பிட்டார்கள். நான் சைக்கிளை எடுத்தபோது பறைச் சத்தம் சுடலைப் பக்கம் கேட்டது. அண்ணர் காலை முழுக்க உன்னிடமிருந்து ஏதும் செய்தி வந்ததா என்று படலைக்கும் வீட்டுக்குமாக நடந்திருக்கிறார். விமானம் கிடைக்கவில்லையாக்கும் என்று ஐயர் சொல்ல, கடைசியில் தூக்கியிருக்கிறார்கள்.

பின்னேரம் நீ வந்து இறங்கிக் கத்தினாய். என்னைப் பார்த்து, "நீ சொல்லேல்லையோ?" என்று கேட்டாய். "சொன்னனான், அவர் பொறுக்கேல்லை" என்று என் வாய் சொல்லிவிட்டது. அண்ணர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "அண்டைக்கு அவனுக்கு ஆரோடையாவது கோவிக்க வேணும். நான் தமையன், என்னட்டை எண்டால் எப்பவோ திரும்பி வருவான். நீ சிநேகிதன், உன்னட்டை வரமாட்டான்" என்றார்.

ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கு முன்னும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வேன். உன்னிடம் சொல்லச் சொன்னார்கள், ஒவ்வொருவரும். எனக்கு ஏலவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு உரிமையில்லை, என்றாலும் எழுதுகிறேன்.

எமிலியானுஸ்


ஹேர்னிங்
20.09.2023

எமிலியானுசுக்கு,

உன் கடிதத்தை இரண்டு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

நீ சைக்கிளை எடுக்காததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. நானும் பிள்ளை பெற்றவன். தர்சனாவின் கூறைச்சேலையை வாங்கி அனுப்பியது நான், அப்போதாவது நீ வாய் திறந்திருக்கலாம். அன்று பின்னேரம் நீ என்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாய், உன் தோளில் சாய்ந்துதான் நான் அழுதேன். அந்தத் தோளை நினைத்தால் இப்போது அருவருக்கிறது. பத்தொன்பது வருடமாக ஊர்ச் சுவாமிமார் எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. அஸ்தி கரைக்கக் கீரிமலைக்கு வா என்று அண்ணர் ஆள் அனுப்பியபோது, நாயைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டவன் நான். அந்தச் சொல்லை அவர் இன்றுவரை வைத்திருக்கிறார். அதைச் சொல்ல வைத்தது நீ.

உனக்கு இனி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே. இத்தனை வருடமும் உன் வாய்க்கென்று தேடித் தேடி எடுத்தேன், உன் வாயில் என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது.

நேற்றுக் கடைக்குப் போனேன். கடைக்காரி கேட்க முதலே சொன்னேன், சீனி இல்லை, பழம் செங்காய், வயது எழுபத்தாறு என்று. றம்மில் ஊறிய பேணி இரண்டு எடுத்துத் தந்தாள். கார்த்திகை பிறக்க நானே கொண்டு வருகிறேன். வாகனம் கட்டுநாயக்காவை விட்டு வெளிக்கிட்டதும் அண்ணையோடு நானே கதைப்பேன். நிலாந்தினி அவருடைய நம்பர் எடுத்துத் தந்துவிட்டாள்.

நீ ஒருவருக்கும் ஒன்றும் போய்ச் சொல்ல வேண்டாம்.

தியாகலிங்கம்