அவர் வாயால் சொல்லாத தலைவலி

மார்ச் 4

காலையிலிருந்து வீட்டுக்காரர் ஜன்னலை மூடி, அதன்மேல் ஒரு பழைய கைலியையும் தொங்கவிட்டு அறைக்குள் கிடக்கிறார். மிக்சி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, தையல் மிஷினையும் தொடக்கூடாது. கல்யாண வீட்டு ரவிக்கை பாதியில் கிடக்கிறது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார். என்ன செய்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லையாம். ஒன்றும் இல்லாத மனுஷன் எதற்கு வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

இவர் ஓட்டும் ஃபேக்டரி பஸ்ஸின் முதலாளிக்கு நான்தான் போன் போட்டேன். வயிற்றுப்போக்கு என்று சொல்லச் சொன்னார். வயிற்றுப்போக்கு என்றால் கௌரவமாம், தலைவலி என்றால் கேவலமாம்.

மாலையில் எரிக் அண்ணன் புக்கிட் செலம்பாவிலிருந்து வந்தார். இரண்டு பேரும் முன்பு ராணுவத்தில் ஒரே பீரங்கிப் படை. பணியால் வந்த தலைவலி என்று மருத்துவ போர்டு ஒத்துக்கொண்டால் உடற்குறை பென்ஷன் உண்டு, சிகிச்சையும் உண்டு, எழுதிப் போடலாம் என்றார். இவர் அறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "தலவலிக்கெல்லாம் கிளேய்மா? வெக்கமா இல்லயாடா எரிக்?"

மார்ச் 9

எரிக் அண்ணன் இவருடைய பழைய மருத்துவப் பதிவை வாங்கிப் பார்த்தார். சுத்தம். ஒரு டிங்கி காய்ச்சல், அவ்வளவுதான். பயிற்சியில் குண்டு கிட்டத்திலேயே வெடித்து இவரைத் தூக்கிப் போட்டதே, அன்றைக்குக்கூட டாக்டரிடம் போகவில்லையாம். காதிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றாராம். உடம்பு முடியவில்லை என்று போகிறவனுக்குக் கேம்பில் 'துவாங்' என்று பெயர். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன். அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டினால் போகாதாம்.

அதற்குப் பயந்து இருபத்தொரு வருஷம் வாயை மூடிக்கொண்டா இருப்பது? ஆர்மி பைத்தியம்.

மார்ச் 23

ரூபினி பினாங்கிலிருந்து போன் செய்து அழுதாள். மகள் அழுதால் மட்டும் இவருக்குக் கை நீளும். கிளேய்மில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மே 8

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போர்டுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் பாடம் நடத்தினேன். மாதத்தில் எத்தனை தடவை வருகிறது, எப்படி வாந்தி வருகிறது, வெளிச்சம் பட்டால் என்ன ஆகிறது, எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்லுங்கள் என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். சட்டையைத் தானே இஸ்திரி போட்டிருந்தார். சப்பாத்து பளபளவென்று இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கதவு சரியாகச் சாத்தவில்லை, வெளியே எல்லாம் கேட்டது. டாக்டர் ஒரு இளம் மேஜர். எப்படி இருக்கிறீர்கள் என்று மலாயில் சாதாரணமாகத்தான் கேட்டார். உள்ளே காலை 'டப்'பென்று தட்டும் சத்தம். பிறகு இவர் குரல், பரேட் மைதானத்தில் நிற்பது மாதிரி:

"சிஹாட், துவான்!"

நலமாம், ஐயா! தலைவலி எப்படி என்று கேட்டால் "பொலே தஹான், துவான்." தாங்கிக்கொள்ளலாமாம். வேலைக்குப் போகிறீர்களா? போகிறேன், துவான். தூக்கம்? நல்ல தூக்கம், துவான். எனக்கு அந்தக் கதவிலேயே முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

காரில் ஏறியதும் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். இவர் முழிக்கிறார். "மேஜர் கேட்டா வேற என்னா சொல்றது?" நடிக்கவில்லை. தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை இந்த மனுஷனுக்கு.

ஜூன் 20

நிராகரித்துவிட்டார்கள். பணிக்கும் தலைவலிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லையாம்.

நல்லதாப் போச்சு என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. டிவியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், டிவி ஓடவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் துவாங்னு எழுதிட்டாங்களா?"

ஐயோ, அப்படி இல்லங்க என்றேன்.

ஜூலை 3

பாடாங் செராய் சந்திப்பில் இன்று ஒரு மோட்டார் சைக்கிளை இடிக்கப் போயிருக்கிறார். பஸ்ஸில் ஃபேக்டரிப் பெண்கள் நிறைய. பிரேக் போட்டதில் ஒருத்திக்கு நெற்றி வீங்கியதோடு போயிற்று. அந்த மோட்டார் பையன் திட்டிவிட்டுப் போய்விட்டான்.

அடுப்படியில் வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தலைவலி வருவதற்கு முன் இடப்பக்கம் தெரியாமல் போய்விடுமாம். பளிச் பளிச்சென்று வளைந்து வளைந்து ஏதோ ஓடுமாம், அதற்கப்புறம் அந்தப் பாதி அப்படியே காணாமல் போகுமாம். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பஸ் ஓட்ட ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே என்றார்.

கடவுளே. இத்தனை வருஷம் இந்தக் கண்ணோடா அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்?

எரிக் போடச் சொல்லும் அப்பீலில் இதை மட்டும் சொல்லிவிடாதே, லைசன்ஸ் போய்விடும், பஸ் போய்விடும் என்றார். நான் பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 16

எரிக் அண்ணன் அப்பீல் எழுதிப் போட்டுவிட்டார். வெடி வெடித்த அன்று தானும் பக்கத்தில் நின்றதாகச் சாட்சியும் எழுதிக் கொடுத்தார். மனைவியும் உள்ளே வந்து பேசலாமாம். இந்தத் தடவை நீ வாயைத் திறக்காவிட்டால் மறுபடியும் சிஹாட்தான் தங்கச்சி என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை. காலையில் அது கிளம்பினால், திரும்பி வருகிறவரை எனக்குத் தையல் கோணிப் போகிறது.

ஆகஸ்ட் 20

சொல்லிவிட்டேன்.

அதே மேஜர், கூட ஒரு வயதான டாக்டரம்மா. எப்படி இருக்கிறீர்கள் என்றார்கள். இவர் காலைத் தட்டினார். "சிஹாட்" என்று பாதி வந்திருக்கும், நான் எழுந்துவிட்டேன். என் மலாய் பாசார் மலாய், சந்தையில் பேசுகிற மலாய். இருக்கட்டும்.

"தியா திப்பு, டாக்டர்." இவர் பொய் சொல்கிறார்.

அப்புறம் நிற்கவில்லை. வாந்தி, கைலி, வாளி, வயிற்றுப்போக்கு என்று நான் சொன்ன பொய்கள், எல்லாம் கொட்டினேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, கண்ணில் ஏதாவது உண்டா என்று கேட்டார். இவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றார். தாடை மட்டும் அசைந்தது. நான் இடப்பக்கம் தெரியாமல் போவதைச் சொன்னேன். அந்தச் சந்திப்பையும் சொன்னேன்.

குணம் தெரிகிறவரை எந்த வண்டியும் ஓட்டக்கூடாது, இன்றிலிருந்தே என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன்.

ஆகஸ்ட் 29

முதலாளியிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸைக் கழுவி, துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தார். அந்த வெயிலில்! சாயங்காலமே தலைவலி.

செப்டம்பர் 15

பேசுவதில்லை. சோற்றைப் போட்டால் தின்கிறார். ஆர்டர் வருகிறது, தைக்கிறேன், பட்டினி ஒன்றும் இல்லை. ஆனால் வீடு வீடாக இல்லை.

இன்று மட்டும் ஒரு வார்த்தை பேசினார். "கேம்புல ஒருத்தன ஒருத்தன் காட்டிக் குடுக்க மாட்டோம், வாசுகி."

நான் என்ன, உங்க கேம்பு ஆளா? பொண்டாட்டி. அந்த பஸ்ஸில் நம்ம ரூபினி உட்கார்ந்திருந்தா விடுவீங்களா? இதையெல்லாம் இங்கேதான் எழுதுகிறேன். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றையும் கேட்கவில்லை. அழுகைதான் வந்தது. செய்தது சரி என்று தெரிகிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை.

நவம்பர் 12

அப்பீல் ஜெயித்துவிட்டது. பணியின்போது ஏற்பட்ட பாதிப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். பென்ஷன் பஸ் சம்பளத்துக்குக் கிட்டக்கூட வராது. ரூபினி சந்தோஷத்தில் போனில் கத்தினாள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு முகம் கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

டிசம்பர் 2

புது மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. காலையில் மிக்சி போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 19

பாடாங் மேஹாவிலிருந்து பழனியாண்டி என்று ஒருவர் வந்தார். இவரோடு படையில் இருந்தவர், இப்போது செக்யூரிட்டி வேலை. அவருக்கும் தலைவலியாம், எரிக் அண்ணன்தான் அனுப்பியிருக்கிறார். கூட வந்த மனைவி வாசலில் மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். கூப்பிட்டேன், பரவாயில்லக்கா என்றாள்.

இவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், வேலைக்குப் போக முடிகிறதா? எதைக் கேட்டாலும் அந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து, "பொலே தஹான் லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

இவர் எழுந்து வாசல் கேட்டுக்குப் போனார்.

"உள்ள வாம்மா. இவன் செத்தாலும் சொல்ல மாட்டான். நீ வந்து சொல்லு."

அப்புறம் என் பக்கம் திரும்பி, வாசுகி, இந்தப் பிள்ளைக்கு உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போடு என்றார். போட்டேன்.