மீன்தொட்டிக்கு நேர் கீழே

ஜூலை 4, வியாழன்

அலுவலக நண்பர் யதீசன் வீடு மாறும்போது கொடுத்த மீன்தொட்டி கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. நான்கடி நீளம். மனைவி ரக்ஷனா கீழ்வீட்டு ஜரீனாவின் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “தொட்டில் எங்க போட்டிருக்காங்க தெரியுமா? நம்ம மீன்தொட்டிக்கு நேர் கீழ.”

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்களுடையது பழைய அடுக்குமாடி புளோக். நீர் வழிந்தால் தளம் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஜூலை 7, ஞாயிறு

சிராங்கூன் மீன்கடைக்குப் போனேன். மீன்தொட்டிக்கு அடியில் வடிகட்டும் தொட்டி, அதிலிருந்து மோட்டார் நீரை மேலே ஏற்றும். ஏறிய நீர் இறங்க வழி வேண்டுமே! துளை போடலாமா என்றேன். கடைக்கார ரமீஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “டெம்பர்ட் கிளாஸ் அண்ணே. டிரில் வெச்சா மொத்தமா நொறுங்கிடும். சைஃபன்தான். துளையில்லாம விளிம்புக்கு மேலயே நீரை இழுத்துக் கீழ இறக்கும்.”

அதில் இரண்டு வகை. ஒன்று விளிம்பில் மாட்டும் பெட்டி: அதன் குழாய் வளைவில் சேரும் காற்றை ஒரு குட்டி மோட்டார் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது செத்தால்? “அதெல்லாம் சாகாது லா.” அவர் சொன்ன விதமே பிடிக்கவில்லை. மற்றொன்று வெறும் பிவிசி குழாய், விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கும். மின்சாரம் போனாலும் குழாய்க்குள் நீர் நிற்குமாம், காற்று புகாதாம்.

ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

ஜூலை 8, திங்கள்

வேலையில் மனம் ஓடவில்லை. அந்தப் பிஞ்சு முகம்... கூரையிலிருந்து சொட்டு... சே.

ஜூலை 13, சனி

குழாயையே வாங்கி ஒட்டிவிட்டேன். மோட்டாரை அணைத்து மறுபடி போட்டேன். மேலே நீர் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று குழாய் நீரைப் பிடித்துக் கீழே இழுத்தது. அப்பாடா!

சரி, ஓர் இலை போய் அடைத்துக்கொண்டால்? குழாய் வாயில் துணியைத் திணித்துப் பார்த்தேன். விளிம்பைத் தாண்டி வழிந்தது! வீட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் போட்டுத் துடைத்தோம். பிறகுதான் புத்தி வந்தது. அடித்தொட்டியில் மோட்டார் இருக்கும் தடுப்பில் நீரைக் குறைத்தேன். இனி உள்ளது முழுவதும் மேலே ஏறினாலும் விளிம்புக்குக் கீழேயே நிற்கும்.

நிற்குமா?

ஜூலை 20, சனி

மனசு கேட்கவில்லை. கீழே போய் ஜரீனாவின் கணவர் அப்துல் அலீமிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார். “தெரியும் அண்ணே. ரக்ஷனா அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க. தொட்டிலை ரூமுக்கு மாத்திட்டோம். அந்த இடத்துல நான்தான் படுக்கிறேன். சொட்டுச்சுன்னா மொதல்ல எனக்குத் தெரியணும்ல?”

மேலே வந்து ரக்ஷனாவிடம் கத்தினேன். ஏண்டி என்கிட்ட சொல்லல? நான் இத்தன நாளா சோறு தண்ணி இல்லாம கெடந்தேனே!

“சொல்லியிருந்தா இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருப்பீங்களா?”

கோபம் தீராமல் அலீமையே மேலே அழைத்து வந்து, குழாயை அவர் கையாலேயே அடைக்கச் சொன்னேன். நீர் ஏறியது. அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழேயே நின்றது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 21, ஞாயிறு

சாப்பிடும்போது ரக்ஷனா சந்தோஷமாகச் சொன்னாள். அலீம் சொன்னதைக் கேட்டு ஜரீனா தொட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டாளாம். அங்கேதான் குழந்தைக்கு நல்ல காற்று வருகிறதாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.