சத்தமில்லாத வீட்டுக்காரர்

அன்புள்ள அண்ணா,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். அவர் இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். குட்டி தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் சும்மா கிடைக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நம் பழைய நகைச்சுவைப் படங்களைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரருக்குப் பயந்து ஒருவன் அலமாரிக்குள் ஒளிந்து தும்முவானே, அந்தப் படம். (என் வீட்டுக்காரர் இல்லை, மீசை வைத்தவர்!) பகலில் இவர் தூங்குவதால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தமே இல்லாமல்தான் பார்ப்போம். அறை முழுக்கச் சாம்பல் வெளிச்சம் மிதக்கும். அடுக்கடுக்காகத் தட்டுகள் ஓசையின்றி உடையும். தண்ணீருக்கடியில் குடியிருப்பதுபோல இருக்கும். பத்து மாதப் பிள்ளை, விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

அசலைப் பார்க்காதவனுக்கு நையாண்டி புரியாது என்பாயே, நீ தோற்றாய். சின்ன வயதில் அந்த வீட்டுக்காரரை நீ நடித்துக் காட்டித்தான் நான் முதலில் பார்த்தேன், எனக்கு அசலே நீதான். படத்தைப் பிறகு பார்த்தபோது, அந்த மனிதர் உன்னைக் காப்பியடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். குட்டிக்கும் அப்படித்தான். சீப்பை மீசையாக வைத்து உன் வீட்டுக்காரரைச் செய்து காட்டினேன். படத்துக்குச் சிரித்ததைவிட இரண்டு மடங்கு சிரித்தான்.

ஞாயிறன்று இவர் விழித்திருந்ததால் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அதே இடங்களில் அதே சிரிப்பு. மூடிய அலமாரிக்குள்ளிருந்து தும்மல் வந்தபோது மட்டும் சும்மா இருந்தான். அங்கே பார்க்க வெறும் கதவுதானே அண்ணா.

அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, உன் குரலில் “எவண்டா உள்ளே?” என்று கத்தினேன். அடுத்த அறையிலிருந்து இவர் ஓடி வந்தார். குட்டி கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

விளையாட்டு மும்முரத்துல இருக்கான், எதுக்கெடுத்தாலும் பயப்படாதேடி என்கிறார். நான் அந்தப்பக்கம் போனதும் அவரே பின்னால் போய்த் தட்டைத் தட்டிப் பார்க்கிறார்.

குட்டி பிறந்து நீ வந்திருந்தபோது, தொட்டிலருகே வீட்டுக்காரராகக் கர்ஜித்தாய். நிறுத்துண்ணா, பிள்ளை பயந்துடும் என்று எல்லோர் முன்னாலும் சீறினேன். முகம் சுண்டிப்போய் மறுநாளே கிளம்பினாய். அதற்குப்பின் போனில்கூட அந்தக் குரல் வரவில்லை. அன்று குட்டி இமைகூட அசைக்கவில்லை. சமத்து, என்ன சத்தம் போட்டாலும் தூங்குது என்று எல்லோரும் கொஞ்சினோம். இப்போது யாராவது சமத்து என்றால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி காது டாக்டரிடம் போகிறோம். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. அதற்குள் எனக்கு ஒன்று வேண்டும். குரலே இல்லாமல் வீட்டுக்காரரை எப்படிச் செய்வது? முதலில் ஏறுவது புருவமா, தோளா? கதவைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் நிற்பாயே, அது எதற்கு? எல்லாவற்றையும் வரிசையாக எழுது. நிறுத்து என்றவள்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் பதில் போடு அண்ணா.

உன்
வாலு