மண்ணு என்று சொன்ன வாய்

டீச்சர்,

இன்றைக்கு வியாழக்கிழமை. பேத்தி முத்துவின் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். மழை பெய்தும் ஒரு பொட்டுக் கரிசல் மண் ஒட்டவில்லை. நீங்கள் வந்த காலத்தில் வியாழக்கிழமைத் துணியை எத்தனை அடித்தாலும் சேறு போகாது. உங்களைத் திட்டிக்கொண்டேதான் துவைப்பேன்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க, கோவில்பட்டியிலிருந்து வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்துக்குத் தெரபி டீச்சர் வருகிறார் என்றார்கள். மகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவாள். முத்துவை நான்தான் கூட்டி வந்தேன். ஆறு வயது, ஒரு சொல் கிடையாது. வந்து பார்த்தால் நீங்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தீர்கள்.

"பேச்சுக்குன்னு கூட்டியாந்தா, ஓட்டப்பந்தயமா நடத்துதீய?"

"உட்கார வச்சுக் கேட்டா பிள்ளைக பயத்துல வாயப் பூட்டிக்கிடுதுக ஆச்சி. கால் ஓடட்டும், வாய் பின்னாலயே வரும்."

"நான் உட்கார்ந்த இடத்துலயே பேசுதேன்லா?"

"உங்க வாய்க்கு என்கிட்ட மருந்து இல்ல ஆச்சி."

கல்லா மண்ணா விளையாட்டில் முத்துவையே பிடிக்கிறவளாக வைத்தீர்கள். அவள் மண் என்றால் மண்ணெல்லாம் அவளுக்கு. மற்றவர்கள் கல்லில் ஏறிக்கொள்ள வேண்டும், இறங்கினால் பிடிப்பாள். அவள் சொன்னால்தான் ஆட்டமே தொடங்கும். "ஏட்டி, சொல்லுட்டி!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவள் கையைக் காட்டுவாள். அதுவே போதும் என்று ஓடத் தொடங்குவீர்கள். ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து, சேறும் சிரிப்புமாக எழுந்தாள். நீங்கள் கொடிக்கம்பத் திண்டில் நின்று "கல்லா? மண்ணா?" என்றீர்கள்.

"மண்ணு."

வேண்டுமென்றே இறங்கி அவள் கையில் பிடிபட்டீர்கள். அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு சொல் வந்தது.

"அடுத்த வாரம் வாரேன் ஆச்சி" என்றுதான் பஸ் ஏறினீர்கள். வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனதை எனக்குச் சொல்லவில்லை. செத்த சேதியை ஊரார் சொல்லித்தான் கேட்டேன். அதை நான் மன்னிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு பள்ளிக்கூட முற்றம் முழுக்கச் சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். "சேறே இல்ல, பாத்தீங்களா?" என்று பெரிய டீச்சர் பெருமையாகக் கேட்டார். அந்த முகத்தையும் மறக்க மாட்டேன். முத்து அந்த முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், மண் தேடி. சுவர் ஓரத்தில்கூட ஒரு பிடி மண்ணை அவர்கள் விட்டுவைக்கவில்லை.

புதிதாக வருகிற டீச்சர் கெட்டவரில்லை. மேசையில் படங்களை அடுக்கி, "இது என்ன, சொல்லு" என்கிறார். முத்து தலையைக் குனிந்துகொள்கிறாள்.

"கொஞ்சம் ஓட விடுங்களேன்" என்றேன்.

"அதுக்கு பி.டி. பீரியட் இருக்கு பாட்டி."

ஆச்சியைப் பாட்டியாக்கியதையும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். வந்த சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசியாகப் போனது மண்ணு.

இன்று சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, புறவாசலில் துவைக்கிற கல் மேல் ஏறினேன். மூட்டு வலியில் உயிர் போனது. முத்து மண்ணில் நின்றாள்.

"கல்லா? மண்ணா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தெருவாசல் பக்கம் பார்த்தாள், நீங்கள் வருகிறீர்களா என்று. இந்தக் கிழவியால் இறங்கி ஓட முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உதடு இரண்டும் சேர்ந்தன, அந்தச் சொல்லுக்குச் சேருகிற மாதிரி. திறக்கவில்லை.

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். நான் வெகுநேரம் கல்லை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் ஆட்டம் முடிந்ததாகிவிடுமே, டீச்சர்.