கோயிலில் கூப்பிட்ட பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பல்கலைக்கழகச் சோதனை முடிந்திருக்கும். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இங்கே மழை இல்லை. மேற்கு வேலியை யானை முறித்துவிட்டது, இன்னும் கட்டுவிக்கவில்லை.

ஸ்கொட்லாந்தில் ஒரு குலத்தலைவரைப் பார்த்ததாக மாசியில் எழுதியிருந்தாய். தொப்பியில் மூன்று கழுகிறகு குத்தும் உரிமை அவருக்கு மட்டும்தான், அவருக்குப் பிறகு மூத்த மகனுக்கு என்று. ஐயா படுத்த படுக்கையிலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"வன்னியை ஆண்ட எங்கட வன்னிமைக் குடும்பம் மாதிரித்தான். அவையளுக்கு இறகு, எங்களுக்குக் கோயிலிலை முதல் வெத்திலை" என்றார். பிறகு, "சோதனை முடியுமட்டும் அவனுக்கு ஒண்டும் எழுதாதை பிள்ளை" என்றார்.

நான் எழுதவில்லை.

வைகாசிப் பொங்கலுக்கு இந்த வருடம் எங்கள் வீட்டார் ஒருவரும் போகவில்லை. போகக்கூடாதுதானே. மேளம் மட்டும் வீட்டுக்குக் கேட்டது. பக்கத்து வளவு நேசமலரக்கா வந்து நடந்ததைச் சொன்னா. வழக்கத்தை விடமுடியாதென்று பூசாரியார் முதல் காளாஞ்சியை, அந்த வெற்றிலைத் தட்டை, ஏந்திக்கொண்டு வாசலில் நின்று எங்கள் குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டாராம். சனம் விலகி வழி விட்டதாம். ஒருவரும் வராததால் தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாராம்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஐயாவின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். தெரிந்துகொண்டே, "ஆற்றை பேரைக் கூப்பிட்டவர்?" என்று நேசமலரக்காவிடம் கேட்டேன். அவா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா.

உன் பெயரை, தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா